பக்கத்தில் உட்காருபவருக்கும் வேலை வேண்டும்

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குத் திருச்சிக்குக் கிளம்பும்போது துணிமணிகளோடு என் லேப்டாப், வீடியோ கேம் ஆடுவதற்கான இரண்டு கன்ட்ரோலர்கள், லேப்டாப்பை டி.வி.யோடு இணைக்கும் ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகியவற்றையும் பெட்டியில் வைத்தேன். போன கோடை விடுமுறைதான் காரணம். அப்போது பொன்மலையில் அப்பா வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். நான்கு பேர் கையில் போன். என் மகன் ஜன்னலோரம், அக்கா மகள் ஊஞ்சலில், ஆளுக்கு ஒரு விளையாட்டு, ஆளுக்கு ஒரு காதொலிப்பான். அம்மா சுண்டல் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்து, யாரும் தலை தூக்காததால் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் காட்சி ஆறு மாதமாக என் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து நானும் வீடியோ கேம் விளையாடுகிறேன். நல்ல விளையாட்டு ஒரு நல்ல கதையைப் போல மனத்தில் தங்கும் என்பதை அனுபவித்து அறிந்தவள். அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி வைத்தேன்: விளையாடுவதெல்லாம் கூடத்து டி.வி.யில்தான். எந்த விளையாட்டை வாங்குவது என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். கன்ட்ரோலர் கையில் இல்லாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஏதாவது வேலை இருக்கிறதா? பார்ப்பது, கணக்குப் போடுவது, எச்சரிப்பது, சண்டை பிடிப்பது, எதுவானாலும் சரி.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடி வரும். அதில் நான்கு வாங்கினேன்: வெண்பா, ஸ்டார்டியூ வேலி, செலஸ்ட், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். என் லேப்டாப்புக்கு ஆறு வயது. தனி கிராஃபிக்ஸ் கார்டும் கிடையாது. இந்த நான்கும் அதில் தடங்கலின்றி ஓடின. புதிய கருவி வாங்கினால்தான் விளையாட முடியும் என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு ஒத்துவராவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்து, ஸ்டீமை ஆஃப்லைனில் இயங்கும்படி மாற்றிவைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அப்பா வீட்டில் இணையம் என்பது என் போனிலிருந்து பகிரும் டேட்டாதான். முன்கூட்டியே இறக்கியிருக்காவிட்டால் முதல் இரண்டு நாள் திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் வெண்பாவில் தொடங்கினோம். டொரொன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட சிறிய விளையாட்டு இது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. மனைவி வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பா ஊரிலிருந்து கொண்டுவந்த தன் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைத்துக் காட்ட வேண்டும். 2024-இல் இதற்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது.

முதல் சமையலே இட்லி. மகன் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தான். மாவு ஊற்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, குழிக்கு நேரே குழி வரும்படி அடுக்கத் தொடங்கினான். சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மா, "டேய், அப்படி அடுக்காதே, மேல் தட்டு கீழே இருக்கிற இட்லியை நசுக்கிவிடும். திருப்பி வை" என்றார். அவன் திரும்பிப் பாட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தட்டைத் திருப்பினான். இட்லி வெந்தது. அதற்குப் பிறகு அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. கூடத்துக்கு வந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் மொத்தக் கதையும் முடிந்துவிட்டது. வெண்பா தமிழில் பேச, கவின் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடங்களில் அறை அமைதியாகிவிட்டது. என் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அவன் மகளும் அப்படித்தான் பேசுவாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நிஜ இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றும்போது மட்டும் பேரனைக் கூப்பிட்டு, "வந்து நீயே அடுக்கு" என்றார். விளையாட்டை ஒருபோதும் தொட்டிராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அவர்களுக்குத் தெரிந்த ஒன்று திரையில் இருக்கிறது. அவர்கள் சொன்னால் சரியாக வருகிறது.

ஸ்டார்டியூ வேலி அடுத்த மூன்று நாட்களை எடுத்துக்கொண்டது. எரிக் பரோன் என்ற ஒரே ஒருவர் படம், இசை, கதை, நிரல் அனைத்தையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன நிலத்துக்குப் பேரப்பிள்ளை திரும்பி வந்து விவசாயம் செய்வதுதான் கதை. தொடக்கத்தில் 15 பார்ஸ்னிப் விதை கொடுப்பார்கள். அது முள்ளங்கி போன்ற ஒரு கிழங்கு. நான்கு நாளில் விளைந்துவிடும். அம்மாவின் பிறந்த ஊர் லால்குடிப் பக்கம், வயலில் வளர்ந்தவர். "நாலு நாளிலா?" என்று முதலில் நம்ப மறுத்தார். பிறகு அவருக்கு அந்த உலகத்தின் கணக்குப் பிடிபட்டுவிட்டது.

அங்கே ஒரு பருவம் 28 நாள். பருவம் மாறினால், புதுப் பருவத்துக்கு ஒவ்வாத பயிரெல்லாம் முதல் நாள் காலையிலேயே கருகிக் கிடக்கும். மகன் கையில் சேர்ந்த காசு முழுவதையும் போட்டு, வசந்தத்தின் 20-ஆம் நாள் காலிஃபிளவர் விதை வாங்கி நட்டான். ஒரு விதை 80 காசு, விளைந்தால் 175. லாபக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் காலிஃபிளவர் விளைய 12 நாள் ஆகும். அம்மா விரல்விட்டு எண்ணினார். "இருபதும் பன்னிரண்டும் முப்பத்திரண்டு. உனக்கு இருபத்தெட்டு நாள்தானே இருக்கிறது?" அவன் கேட்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினான். கோடையின் முதல் நாள் காலை கதவைத் திறந்தபோது பாத்தி முழுக்கக் காய்ந்த தாள்கள். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அம்மா அவன் தலையைத் தடவி, "ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்வார்கள். பட்டம் தவறினால் எவ்வளவு உழைத்தாலும் இப்படித்தான். என் அப்பாவுக்கும் நடந்திருக்கிறது" என்றார். பாட்டியின் அப்பாவைப் பற்றி, லால்குடி வயலைப் பற்றி, மழை பொய்த்த ஒரு வருடத்தைப் பற்றி அன்றிரவு சாப்பிடும்போது அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பேச்சு அதற்கு முன் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

இந்த விளையாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. அது நிறுத்தவிடாது. ஒரு நாள் முடிந்து தூங்கினால்தான் விளையாடியது பதிவாகும். தூங்கி எழுந்தவுடன் புதிய நாள், பூத்திருக்கும் செடி, கடிதப் பெட்டியில் கடிதம். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று பெரியவர்களே நழுவிவிடுவார்கள். இதை ஆடத் தொடங்கிய நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஒன்பதரைக்கு எழுந்தோம். மறுநாள் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அங்கே பத்து நிமிடம் நமக்கு ஏழு விநாடி. காலை ஆறு மணி முதல் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை ஒரு நாள். அதாவது இடையில் நிறுத்தாமல் ஆடினால் நமக்கு 14 நிமிடம். அதன்பின் "ஒரு மணி நேரம்" என்று சொல்வதை விட்டுவிட்டு, "நாலு நாள்" என்று சொல்லத் தொடங்கினேன். பிள்ளைக்கும் அது நியாயமாகப் பட்டது. மணியைக் காட்டி நிறுத்தினால் பாதி வேலையில் பிடுங்கியதாகிவிடுகிறது; அவன் உலகத்து நாளைக் காட்டி நிறுத்தினால் தூங்கப் போன இடத்தில் கதை தானாக நிற்கிறது. எந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தாலும், அது எங்கே பதிவாகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே குறைந்துவிடும்.

மின்வெட்டையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை அறுவடையெல்லாம் முடித்து, மீனும் பிடித்துவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது கரன்ட் போனது. லேப்டாப் பேட்டரி பழையது, தாங்கவில்லை. அந்த நாள் முழுவதும் போயிற்று. அதற்குப் பிறகு லேப்டாப்பை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில்தான் செருகினோம்.

நான்காம் நாள் அக்கா மகள் வந்து சேர்ந்தாள். பத்தாம் வகுப்பு. ஜனவரியில் திருப்புதல் தேர்வு. பெட்டியில் பாதி புத்தகங்கள்தான். அவளுக்கென்று வைத்திருந்தது செலஸ்ட். 2018-இல் வந்த விளையாட்டு. மேடலின் என்ற பெண் ஒரு மலையுச்சிக்கு ஏறப் போகிறாள். முட்கள் நிறைந்த சிறுசிறு அறைகளைத் தாவித் தாண்ட வேண்டும். தவறினால் உடனே சாவு. கண் இமைப்பதற்குள் அதே அறையின் வாசலில் மறுபடி நிற்பாள். எத்தனை முறை இறந்தோம் என்று விளையாட்டு எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணைக் கண்டு வெட்கப்பட வேண்டாம், கற்றுக்கொள்வதன் அடையாளம் அது என்று தொடக்கத்திலேயே ஒரு தபால் அட்டை அனுப்பும்.

பார்ப்பவருக்கு இதில் வேலை குறைவு. அதனால் நாங்களே ஒரு முறை வகுத்தோம்: பத்துச் சாவுக்கு ஒருமுறை கன்ட்ரோலர் கை மாறும். அக்கா மகளும் என் மகனும் இதற்காகச் சாவை எண்ணிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மகனுக்கு இரண்டாம் அத்தியாயம் கடினமாக இருந்தது. கண்ணாடியிலிருந்து வெளியே வந்த மேடலினின் இருண்ட உருவம் அவளைத் துரத்தும் பகுதி அது. உதவி முறை என்று ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பிடித்துத் தொங்கும் பலத்தைத் தீராததாக மாற்றலாம். சாவே இல்லாமலும் ஆடலாம். "அது ஏமாற்று வேலை இல்லையா, சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். இல்லை என்று நான் தயங்காமல் சொன்னேன். மலை அதே மலைதான். பதினொரு வயதுக் கைக்கு ஏற்ற வேகத்தில் அவன் ஏறுகிறான். வேகத்தை எழுபது சதவீதத்துக்குக் குறைத்தோம். அவன் ஏறினான். அத்தியாயம் முடிந்ததும் தானாகவே வேகத்தை நூறுக்குத் திருப்பினான்.

நான்காம் அத்தியாயத்தின் முடிவில் தொங்கு வண்டி ஒன்று பாதி வழியில் நின்றுவிடுகிறது. மேடலினுக்கு நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது. உடன் வரும் நண்பன், கண் முன்னே ஓர் இறகு மிதப்பதாக நினைத்துக்கொள், உன் மூச்சால் அதை மேலும் கீழும் மெதுவாக ஆட்டு என்கிறான். விளையாடுபவர் பொத்தானை அழுத்தியும் விட்டும் அந்த இறகைச் சட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். அன்று கன்ட்ரோலர் அக்கா மகளிடம் இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் அமைதியானாள். இறகு நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படியே இருந்தாள். "தேர்வு அன்று காலையில் எனக்கு இப்படித்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். அக்காவுக்கே அது அதுவரை தெரியாது.

ஓப்ரா டின் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விடுமுறையில் என் மனத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டது அதுதான். லூகாஸ் போப் உருவாக்கி 2018-இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய ஒரு வணிகக் கப்பல் காணாமல்போய், 1807-இல் ஆள் இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து ஒதுங்குகிறது. நாம் கம்பெனி அனுப்பும் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆயிற்று, யாரால் ஆயிற்று என்று கண்டுபிடித்துப் புத்தகத்தில் நிரப்ப வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அந்தச் சாவுக்கு முந்தைய சில நொடிகளின் குரல் கேட்கும், பிறகு சாவின் கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து எல்லா முகத்தையும் பார்க்கலாம்.

கொலைகளும் கோரங்களும் இதில் நிறைய. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன படம்தான் என்றாலும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று முதல் அரைமணியிலேயே முடிவு செய்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு நான் தனியாகத்தான் தொடங்கினேன். இரண்டாம் இரவு அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நின்று பார்த்தார். "என்ன பட்டியல் அது?" என்று கேட்டார்.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகள் இரவு வண்டிகளில் சார்ட்டை வைத்துக்கொண்டு, பெயர், வயது, பெர்த் என்று டார்ச் அடித்துப் பார்த்தவர். திரையில் நான் திறந்து வைத்திருந்தது கப்பலின் ஆள் பட்டியல்: வரிசை எண், பெயர், வேலை, பிறந்த நாடு. இந்தியர்களும் அதில் இருக்கிறார்கள். "சார்ட் மாதிரி இருக்கிறதே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிரவு ஒன்றரை மணி வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு காட்சியில் மாலுமிகள் தூங்கும் தளம். வரிசையாகத் தூளி போலத் தொங்கும் படுக்கைகள். நான் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பாதி முகம் தெரியவில்லை. "முகத்தை விடு. படுக்கையைப் பார். அதில் எண் போட்டிருக்கிறது" என்றார் அப்பா. அருகே போனேன். ஒவ்வொரு தூளியிலும் ஓர் எண். பட்டியலின் வரிசை எண்ணும் அதுவும் ஒன்றே. "பெர்த் நம்பர்தான் அம்மா. ஆள் போர்த்திக்கொண்டு தூங்கினாலும் பெர்த் பொய் சொல்லாது" என்றார். அவர் குரலில் அப்படியொரு உற்சாகத்தை ஓய்வு பெற்ற பிறகு நான் கேட்டதே இல்லை. மூன்று பேரின் முடிவைச் சரியாக நிரப்பினால்தான் விளையாட்டு அதை உறுதி செய்து அச்செழுத்தாக மாற்றும். ஒருவரை மட்டும் குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிக்க முடியாது. அந்த இரவில் மும்மூன்றாக ஒன்பது பேர் உறுதியானார்கள்.

மறுநாள் அப்பா கடைக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தார். கோடு போட்டு, எண், பெயர், நாடு, சந்தேகம் என்று கட்டங்கள். யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யார் என்ன உடை என்று பகலில் எழுதிவைத்துக்கொண்டு இரவுக்குக் காத்திருந்தார். துப்பறியும் விளையாட்டு எதை ஆடினாலும் இந்த நோட்டுப் பழக்கத்தை நான் பரிந்துரைப்பேன். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த முதல் இரவில் எனக்கு மிஞ்சியது குழப்பம்தான்.

உடம்புக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆளின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கும் விளையாட்டு என்பதாலும், புள்ளிகள் நெளிவதாலும், பெரிய டி.வி.யில் எனக்கு முதல் இரவே தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. அறை விளக்கை எரியவிட்டு, நாற்காலியை நான்கடி பின்னே தள்ளி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்த பிறகு சரியாயிற்று. திரும்பும்போது கேமராவைச் சுழற்றும் வேகத்தையும் குறைத்தேன். குமட்டல் வந்த பிறகும் பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பெரியப்பா பேரன் ஒருவன் இடையில் இரண்டு நாள் வந்திருந்தான். எட்டு வயது. அவன் போனில் ஓர் இலவச விளையாட்டு. திரையில் மின்னிய பெட்டியைத் திறக்க அவன் அழுத்திய அழுத்தலில் அவன் அப்பாவின் கணக்கிலிருந்து 799 ரூபாய் போய்விட்டது. அவனை யாரும் திட்டக்கூடாது என்று நான் முன்னால் நின்றேன். எட்டு வயதுக் குழந்தையின் விரலை நம்பிப் பணம் பண்ணும் அந்த அமைப்பின் மேல்தான் எனக்குக் கோபம். போனின் ஆப் கடை அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிள்ளை கையில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். அவன் மீதி நேரத்தை என் மகனின் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக் கழித்தான். இரண்டாம் கன்ட்ரோலர் அப்போதுதான் பயன்பட்டது. அதே நிலத்தில் இருவரும் சேர்ந்து விவசாயம் செய்ய ஸ்டார்டியூ வேலி இடம் கொடுக்கிறது.

ஊர் திரும்பும் நாள் வந்தபோது ஓப்ரா டினில் 45 பேரின் கதை உறுதியாகியிருந்தது. பதினைந்து பேர் பாக்கி. லேப்டாப் எனக்கு வேலைக்கு வேண்டும்; விட்டுவிட்டு வர முடியவில்லை. நோட்டை அப்பா கொடுக்கவில்லை.

திருப்புதல் தேர்வின் முதல் நாள் காலை அக்கா மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. ஓர் இறகின் படம் மட்டும். அன்றிரவே ஒன்பது மணிக்கு அப்பா போன் செய்தார். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "அந்தத் தூளிக் காட்சியில் போர்வைக்கு வெளியே சில பேரின் கால் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? செருப்பு வேறு வேறு மாதிரி இருந்தது. லேப்டாப்பைத் திற. நான் இருக்கிறேன், போய்ப் பார்த்துச் சொல்" என்றார்.